கூடாத முக்கூடல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சார்ந்த சிற்றூர்களுள் திருமுக்கூடலும் ஒன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் தம்முள் கலக்கும் இடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. நந்திமலைப் பக்கத்தில் தோன்றிப் பாலாறு வருகிறது. சவ்வாது மலையிலிருந்து செய்யாறு வருகிறது. காஞ்சி நகரைத் தொட்டுக்கொண்டு வேகவதி வருகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே நீரைக் காண்பது அரிது. கண்ணுக்கு எட்டிய அளவும் மணற்பரப்பே தோன்றும். ஆயினும், பருவமழை பொய்யாது பெய்த ஆண்டில், மூன்று ஆறுகளும் பெருகி வந்து ஓராறாகிச் செல்லும் காட்சியைக் காண அயலூராரும் கரையில் வந்து நிற்பர்.

ஆற்றங்கரையில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டொன்று அக்கோயிற் சுவரில் இன்றும் காணப்படுகிறது. கோயிலோடு சேர்ந்து அங்கே ஒரு கல்லூரியும், மாணவர் தங்கும் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர்சாலையும் நடைபெற்றன என்று அக்கல்வெட்டுக் கூறுகிறது. ஆதுலர்சாலையாவது மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவரும், அறுவை மருத்துவம் செய்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் பணிபுரிந்தனர். வழிபாடும் கல்வியும் மருத்துவமும் ஓரிடத்திற் கூடியிருந்தன. கூடுதல் என்பது நம் முன்னோர்க்கு உயர்ந்த கருத்து. மதுரை மாநகர்க்கும் கூடல் என்பது பெயரன்றோ?

இவ்வெண்ணத்திலேயே ஊறியவன் யான். ஆகலின் ஒருநாள் என் பழைய மாணாக்கர் ஒருவர் முன்னே பிழைபடப் பேசித் திருத்தம் பெற நேர்ந்தது. அவ்வரலாற்றையே ஈண்டு மாணவர்க்குச் சொல்லப் புகுகின்றேன்.

திருமுக்கூடலைச் சுற்றிலும் கருங்கற் குன்றுகள் பல உள்ளன. அவற்றை அகழ்ந்து கல்லெடுத்து, சல்லியாகவும் எம்-சாண்ட் என்னும் கல்மணலாகவும் அரைத்துத் தரும் ஆலைகள் அப்பகுதியில் மிகுதி. மக்கள் அவற்றைக் கிரஷர் என்று வழங்குவர். என் மாணாக்கர் அத்தகைய ஆலைகளுக்கு மின்பணி செய்து தருபவர். வகுப்பில் நன்னூற் சூத்திரம் கேட்டால் தலை குனிந்து நிற்பார். வானொலிப் பெட்டியைக் கொடுத்தால் கழற்றிப் பூட்டிப் பாட வைத்துவிடுவார். புதிதாக எழுந்துகொண்டிருந்த ஓர் ஆலையைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார்.

அங்கே நான் முதலிற் கண்டது, தூண்களின் மேல் நீண்டு கிடந்த இரும்பு ஏணி போன்ற ஒன்று. ஏறுதற்கு நிறுத்திய ஏணியன்று. ஆள் உயரத்திற்கு மேலே படுக்கையாகக் கிடத்திய ஏணி. அதன் மேல் கைத்தடிப் பருமனுள்ள கரிய வடங்கள் வரிசையாகக் கிடந்தன. அதற்குச் சற்றுத் தொலைவில் அதனினும் ஒடுங்கிய வேறொரு தட்டு. கட்டடத்தின் மறுபுறத்தில் மூன்றாவதாக ஒன்று. மூன்றும் சென்று சேர்வது ஒரே ஆலைக்குள்தான்.

“தம்பி, ஆறுகளே மூன்றும் ஒரு படுகையில் அமைதியாகச் செல்கின்றனவே, இந்தக் கம்பிகளுக்கு மூன்று தனிவழி எதற்கு? இரும்பும் பணமும் வீணன்றோ?” என்றேன்.

அவர் நகைத்தார். “ஐயா, ஆறுகள் கூடினால் புண்ணியம் என்று தாங்கள்தாம் எங்களுக்குச் சொன்னீர்கள். இவை கூடினால் பாவம். இது கூடாத முக்கூடல்” என்றார். தமிழில் தேர்ச்சி பெறாதவர் என்று நான் எண்ணியிருந்தவர் சிலேடையாற் பேசக் கேட்டு மகிழ்ந்தேன். பின்பு அவர் பொருளை விரித்துரைத்தபோது மகிழ்ச்சி அடங்கி அச்சம் தோன்றிற்று.

மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் உறையிட்ட பெருங்கம்பியைக் கேபிள் என்கிறோம். தேரிழுக்கும் கயிற்றை வடம் என்பது நம் வழக்கு. அவ்வாறே பல இழைகள் சேர்ந்து முறுக்குண்டு கிடக்கும் இதனையும் வடம் என்று கூறலாம். வடங்களைத் தாங்கிச் செல்லும் உலோக அமைப்பைக் கேபிள் ட்ரே என்று தொழிலாளர் வழங்குவர். வடத்தட்டு என்று நாம் சொல்வோம். ஏணியைப் போன்று இரண்டு நெடுஞ்சட்டங்களும் குறுக்குப் படிகளும் உடையது ஒருவகை. பருத்த வடங்களுக்கு அது பொருந்தும். சல்லடை போலத் துளையிட்ட தகட்டைப் பக்கங்களில் மடித்துச் செய்வது மற்றொருவகை. மெல்லிய வடங்கள் படிகளுக்கு இடையே தொய்யாமல் கிடக்க அது வேண்டப்படும். துளையே இல்லாத தட்டும், கம்பிவலையால் ஆன தட்டும் உண்டு. எவ்வகையாயினும், தட்டிலிருந்து தனித்தனி மோட்டாருக்கு வடம் இறங்கும் இடத்தில் குழாய் பொருத்தி அதனுள்ளே செலுத்துவர். ஆளும் வண்டியும் இடிக்கக்கூடிய உயரத்திற்கு இறங்கிய பின்பு வடத்திற்குக் கவசம் வேண்டுமன்றோ? குழாய் அக்கவசமாகிறது.

தட்டு ஏன் திறந்து கிடக்கவேண்டும் என்று கேட்டேன். விடை எளிது: வடம் மூச்சுவிட வேண்டும். கம்பியில் மின்சாரம் ஓடும்போது வெப்பம் பிறக்கிறது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. இவ்வுண்மையை ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1841-இல் வெளியிட்டார். கம்பியின் மேல் உள்ள பி.வி.சி. காப்புறை ஏறத்தாழ 70 பாகை வெப்பம் வரையில்தான் நெடுநாள் தாங்கும்; அதனினும் உயர்ந்த வகை உறை 90 பாகை வரை தாங்கும். பத்து வடங்களை வைக்கோற் கட்டுப்போல் இறுகக் கட்டிவிட்டால் நடுவில் உள்ளதற்கு வெப்பத்தை விடுதற்கு வழியில்லை. உறை மெல்ல மெல்லக் கடினப்பட்டு வெடித்து ஒருநாள் தன் கடமையை மறக்கும். ஆகவே வடங்களை இடைவெளி விட்டுப் படுக்க வைத்து, மேலும் கீழும் காற்று உலவச் செய்கின்றனர். வடங்களைக் கூட்டமாக இடும்போது ஒவ்வொன்றும் சுமக்கும் மின்னோட்டத்தைக் குறைத்தே கணக்கிடுவர்.

வெட்டவெளியில் கிடக்கும் தட்டுக்குப் பகைவர் பலர். முதற்பகைவன் ஞாயிறு. சித்திரை வெயில் நேரே படுமாயின் காப்புறை கெடும். ஆதலின் மேலே சற்று உயர்த்திக் கூரை போல மூடி இடுவர். அடுத்தது மழையும் ஈரமும். இரும்பு துருப்பிடியாதிருக்க, தட்டினைச் செய்து முடித்த பின்பு, உருகிய துத்தநாகத்தில் ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில் முக்கி எடுக்கின்றனர். அவ்வாறு பூசிய தட்டில் சிறு கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் முன்னே அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். தன்னைத் தந்து பிறரைக் காக்கும் இவ்வுலோகத்தைப் பற்றி ஒரு வெண்பாப் பாடலாம், இப்போது வேண்டா. கடற்கரையில் உப்புக்காற்றுக்கு அதுவும் நெடுநாள் நில்லாது. அங்கே கண்ணாடியிழை கலந்த தட்டையோ அலுமினியத் தட்டையோ இடுவது உண்டு.

கல்லாலைக்கே உரிய பகை தூசு. மாவு போன்ற கல்தூள் நாள்தோறும் வடங்களின் மேல் படிந்து கம்பளம் போல மூடிக்கொள்கிறது. வெப்பம் உள்ளேயே சிறைப்படுகிறது. ஆகலின் அங்கே அடி மூடிய தட்டு ஆகாது. தூசு கீழே உதிர்ந்துவிடும் ஏணித்தட்டே தகும். நான் பார்த்தபோதே ஒருவர் நீண்ட துடைப்பத்தால் தட்டைத் தட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொன்றும் உண்டு, கணக்கில் விருப்பமுடைய மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். இரும்பு ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். மார்கழி விடியலில் 20 பாகையாய் இருந்த தட்டு கோடை நண்பகலில் 60 பாகையாகச் சுடுமாயின் வேறுபாடு 40. அப்படியாயின் 30 மீட்டர் நீளமுள்ள தட்டு 14 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீளும். இருமுனையையும் அசையாமல் முடுக்கிவிட்டால் தட்டு வளைந்து தூணையும் சாய்க்கும். ஆதலால் இடையிடையே நீளவும் சுருங்கவும் இடம்விட்டு இணைப்பர். அவ்விடைவெளிதோறும் செம்புப் பட்டை ஒன்றால் இருபுறமும் இணைத்து, முழுத்தட்டையும் எர்த்து என்னும் நிலத்தொடர்போடு சேர்ப்பர். வடத்தின் உறை எங்கேனும் கிழிந்து தட்டிலே மின்சாரம் பாய்ந்தால், அது தொட்டவரைத் தீண்டாமல் நிலத்திற் செல்ல வேண்டும். மின்காப்பும் உடனே அறுந்து விடுபட வேண்டும். அச்சிறு செம்புப் பட்டை விடுபட்டுப்போன தட்டு, பார்வைக்கு நல்ல தட்டுப் போலவே இருக்கும்.

கட்டடத்தின் உள்ளே செல்வோம். யான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் மெல்லிய தேக்கஞ்சட்டங்களின் மேல் கரிய கம்பிகள் ஓடும். தகரப் பட்டைகளால் அவற்றைப் பிடித்திருப்பர். கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைப் பாட்டியும் சொல்லிவிடுவார். பிறகு அழகு கருதிக் கம்பிகளைச் சுவருக்குள் குழாயில் மறைத்தனர். குழாயின் உள்வெளியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கம்பி நிரப்பலாகாது என்பது பரவலாக வழங்கும் விதி. ஆனால் மறைந்திருப்பதால், புதிதாக ஒரு மின்விசிறி, ஒரு குளிர்பதனப் பெட்டி என்று வாங்குந்தோறும் அதே குழாயில் மேலும் ஒரு கம்பியைத் திணித்துவிடுகிறோம். பெரிய கட்டடங்களிலோ கூரைக்குக் கீழே பொய்க்கூரை ஒன்று இட்டு, இரண்டுக்கும் இடையே வடத்தட்டுகளைச் செலுத்துகின்றனர்.

யான் முன்னாளில் பணிபுரிந்த பள்ளியொன்றில் தட்டும் இல்லை, குழாயும் இல்லை. ஓட்டுக்கூரையின் கீழ்க் கம்பிகள் கொடி போலத் தொங்கின. ஒருநாள் மழைநேரத்தில் எட்டாம் வகுப்பின் மேலே புகை எழுந்தது. அணில் கடித்த இடம் அது. தீ பரவுமுன் வாயிற்காவலர் ஓடிச்சென்று மின்சாரத்தை நிறுத்தினார். அன்று வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தனர். அந்நாள் முதல் எந்தக் கட்டடத்துள் நுழைந்தாலும் என் கண் மேலேயே செல்கிறது.

இனி, மூன்று தட்டு எதற்கு என்னும் வினாவுக்கு வருவோம். ஆலையின் முதல் தட்டில் கிடந்தவை பெரிய மோட்டார்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் வடங்கள். இரண்டாவது தட்டில் கட்டளை வடங்கள்: நில், ஓடு என்னும் ஆணையை எடுத்துச் செல்பவை. மூன்றாவது தட்டு, மின்வாரியத்தின் மின்சாரம் நின்றால் டீசல் மின்னாக்கியிலிருந்து விளக்குக்கும் நீரேற்றிக்கும் செல்வது.

முதலிரண்டும் பிரிந்து நிற்பதற்குக் காரணம் இரண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும் தன்மையது. அவ்வாறு அலையும் மின்னோட்டம், தொடாமலே தன் பக்கத்துக் கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டும். மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் என்னும் இயல்பு இதுவே. பெரிய வடத்தின் அருகே மெல்லிய கட்டளைக் கம்பி நெடுந்தொலைவு ஒட்டிச் செல்லுமாயின், பேரொலி எழுப்பும் திருவிழாக் கூட்டத்தில் மெல்லப் பேசுவோன் சொல் சிதைவது போல, ஆணையும் சிதையும்.

இரண்டாவது காரணத்தைக் காட்ட என் மாணாக்கர் கல் சுமந்து செல்லும் கன்வேயர் பட்டையின் பக்கம் அழைத்துச் சென்றார். பட்டையின் நெடுகிலும் ஒரு கயிறு கட்டியிருந்தது. “ஐயா, உருளையில் ஒருவன் கையோ துணியோ சிக்கினால், அவனோ பக்கத்தில் நிற்பவனோ இக்கயிற்றை இழுப்பான், பட்டை நிற்கும். கயிற்றை இழுக்காத வரையில் இரண்டு மெல்லிய கம்பிகளின் வழியே சிறு மின்னோட்டம் சென்று திரும்பிக்கொண்டே இருக்கும். இழுத்தால் அவ்வோட்டம் அறும். அறுந்தவுடன் மோட்டார் நிற்கும்.”

“கம்பியே அறுந்துபோனால்?”

“அப்போதும் நிற்கும். அதனால் கேடில்லை, வேலைதான் கெடும். ஆனால் பக்கத்துப் பெருவடம் சூடேறி, இவ்விரண்டு கம்பிகளின் உறையும் உருகி, உள்ளிருக்கும் செம்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கயிற்றை எத்துணை இழுத்தாலும் ஓட்டம் அறாது. பட்டையும் நில்லாது. கயிறு இருக்கிறது என்று நம்பியே அவன் கையை அருகில் கொண்டுபோயிருப்பான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டை அப்போது ஓடவில்லை. இருப்பினும் இரண்டடி விலகி நின்றுகொண்டேன்.

மூன்றாவது தட்டுக்கு உரிய காரணம் இதனினும் பெரியது. முதல் வழி கெட்டால் உதவுதற்கென்று வைத்த இரண்டாம் வழி, முதல் வழியோடு சேர்ந்தே சென்றால் அஃது இரண்டாம் வழியாகாது. மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். வீரராசேந்திரன் காலத்து ஆதுலர்சாலையின் 15 படுக்கைகளுக்கும் ஒரு கம்பியும் தேவையில்லை. இன்று தீவிர மருத்துவப் பிரிவில் ஒரே படுக்கையின் தலைமாட்டில், மூச்சுக்கருவி, நாடித்துடிப்பைக் காட்டும் திரை, மருந்தைச் சொட்டுச்சொட்டாகச் செலுத்தும் பொறி என்று பல கருவிகள் மின்சாரத்தை நம்பி உயிரைக் காக்கின்றன. அதற்கென்றே டீசல் மின்னாக்கியும் மின்கல அடுக்கும் வைத்துள்ளனர். ஆனால் இரண்டு மின்வழியும் பொய்க்கூரைக்கு மேலே ஒரே தட்டில் கிடக்குமாயின், ஒரு தீ இரண்டையும் ஒருங்கே அழிக்கும்.

இது வெறும் ஊகமன்று. நம் நாட்டில் நிகழ்ந்ததே.

திருமுக்கூடலைக் கடந்த பாலாறு கீழே சென்று, கல்பாக்கத்தின் அருகே வயலூர்ப் பக்கத்தில் கடலொடு கலக்கிறது. அக்கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் இயங்கிவருகிறது. அதே வகையைச் சேர்ந்த மற்றொரு நிலையம் வடக்கே உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் நரோராவில் உள்ளது. 1993 மார்ச்சு 31-ஆம் நாள் விடியற்காலை மூன்றரை மணியளவில், 220 மெகாவாட்டு ஆற்றலுடைய அதன் முதல் அலகு ஓடிக்கொண்டிருந்தது. நீராவியால் சுழலும் சுழலியின் கடைசி வரிசை இறகுகளுள் இரண்டு, நாட்பட்ட அயர்ச்சியால் முறிந்தன. நிறை தவறிய சுழலி பேரதிர்ச்சியுடன் ஆடிற்று. மின்னாக்கியைக் குளிர்விக்க அதனுள் அடைத்திருந்த ஹைட்ரஜன் வளி வெளிப்பட்டுத் தீப்பற்றியது; எண்ணெயும் சேர்ந்துகொண்டது.

அதுவரை நேர்ந்தது சுழலிக் கூடத்துக்குள் நேர்ந்த விபத்தே. அதன்பின் தீக்கு வழி கிடைத்தது. அவ்வழி யாது? வடத்தட்டு. வடங்களின் உறையை எரித்துக்கொண்டே தட்டின் வழியாகத் தீ ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்றது. நிலையத்தில் டீசல் மின்னாக்கிகள் இருந்தன; மின்கல அடுக்குகள் இருந்தன; ஒன்று போனால் ஒன்று என்று துணைக்குத் துணை வைத்திருந்தனர். ஆயினும் அவற்றின் வடங்கள் போதிய தடுப்பின்றி அருகருகே சென்றமையால் எல்லாம் ஒருங்கே எரிந்தன. நிலையம் முழுதும் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருளில் கிடந்தது. மின்சாரம் ஆக்கும் இடத்திலேயே ஒரு விளக்கும் எரியவில்லை.

பணியாளர் அணு உலையை உடனே நிறுத்திவிட்டனர். ஆனால் அணு உலை அடுப்பைப் போன்றதன்று. நிறுத்திய பின்பும் அதில் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். நீர் செலுத்திக் குளிர்விக்காவிடின் எரிபொருள் உருகும். நீரேற்றிகளோ மின்சாரமின்றி நின்றுவிட்டன. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை புகுந்தமையால் அங்கிருந்தோர் வெளியேற வேண்டியதாயிற்று. உலையின் நிலையைக் காட்டும் கருவிகளும் கண்ணில்லாதவை ஆயின. அப்போது சிலர் கைவிளக்குகளுடன் இருளில் கட்டடத்தின் மேற்றளங்களுக்கு ஏறிச்சென்று, கையாலேயே அடைப்பிதழ்களைத் திருப்பி, போரான் கலந்த நீர்மத்தைத் தன் எடையாலேயே உலைக்குள் இறங்கச் செய்தனர். உலை மீண்டும் உயிர்பெறாதிருக்க அது காவலாயிற்று. வேறு சிலர், தீயணைப்புக்கென வைத்திருந்த டீசல் நீரேற்றிகளை இயக்கி, நீராவிக் கலங்களுக்கு நீர் பாய்ச்சினர். அந்நீரேற்றிகள் டீசலால் தாமே சுழல்வன. எரிந்த வடங்களை நம்பியவை அல்ல. அதனாலேயே அவை உதவின. கதிரியக்கம் வெளியே பரவவில்லை, உயிரிழப்பும் இல்லை. பன்னாட்டு அளவுகோலில் இந்நிகழ்ச்சியை ஏழு படிகளுள் மூன்றாம் படியில் வைத்தனர். அவ்விருளில் ஏறிச்சென்றவர் பெயரை நாம் அறியோம். ஆயினும் போர்க்களத்து வீரரினும் அவரைத் தாழ்வாக எண்ண என்னால் இயலவில்லை.

இத்தகைய படிப்பினை உலகுக்கு முன்னரே கிடைத்திருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. 1975 மார்ச்சு 22-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் பெர்ரி என்னும் அணுமின் நிலையத்தில், சுவரில் வடங்கள் நுழையும் துளையின் வழியே காற்றுக் கசிகிறதா என்று பணியாளர் ஆராய்ந்தனர். ஆராய்ந்த முறை யாது? மெழுகுவத்தியை ஏற்றித் துளையருகே பிடித்து, சுடர் சாய்கிறதா என்று பார்த்தனர். சுடர் சாய்ந்தது, துளையை அடைத்திருந்த நுரைப்பொருளில் பற்றிக்கொண்டது. காற்றழுத்தம் தீயைச் சுவருக்கு அப்பால் இழுத்துச் சென்றது. ஏழு மணி நேரம் எரிந்த அத்தீயில் 1,600-க்கும் மேற்பட்ட வடங்கள் கெட்டன. முதல் உலையைக் குளிர்விக்கும் ஆபத்துக்கால ஏற்பாடுகள் செயலிழந்தன. மின்வடத்தீயில் நீர் ஊற்றுவதற்கு அஞ்சி நெடுநேரம் தயங்கினர். இறுதியில் நீரே அதனை விரைவில் அணைத்தது.

அதன்பின் அந்நாட்டார் 1980-இல் ஒரு விதி வகுத்தனர். பாதுகாப்புக்குரிய இரட்டை வழிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் வேண்டும். அஃதின்றேல் 20 அடி, அதாவது ஏறத்தாழ ஆறு மீட்டர், இடைவெளி விட்டு, இடையில் எரியும் பொருள் எதுவும் வையாது, தீயை உணரும் கருவியும் தானே நீர் தெளிக்கும் அமைப்பும் வைக்கவேண்டும் என்பன போன்ற ஏற்பாடுகள் அதில் உள்ளன. நரோரா நிகழ்ச்சிக்குப் பின்னர் நம் நாட்டு நிலையங்களிலும் வடங்களைப் பிரித்தமைப்பதும், தீத்தடுப்புப் பூச்சும் தடுப்புகளும் இடுவதும் வலியுறுத்தப்பட்டன.

சுவரிலுள்ள அத்துளையே இனி நாம் காணவேண்டியது. வடத்தட்டு ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வேண்டுமானால் சுவரைத் துளைத்தே ஆகவேண்டும். சுவர் தீயைத் தடுக்கும், துளை தடுக்காது. வடத்தைச் செலுத்திய பின்பு எஞ்சிய இடைவெளியைத் தீத்தாங்கும் பொருளால் அடைத்துவிட வேண்டும். சூடு பட்டால் தானே பருத்துப் பொங்கி வழியை மூடிக்கொள்ளும் பசைகள் இப்போது கிடைக்கின்றன. கட்டி முடித்த நாளில் எல்லாத் துளைகளும் ஒழுங்காகவே அடைபட்டிருக்கும். ஓராண்டு கழித்து எவரோ ஒரு புதிய கம்பியைச் செலுத்த அடைப்பைக் குத்தித் திறப்பார்; வேலை முடிந்ததும் போய்விடுவார். துளை எவர் பொறுப்பும் அன்று. ஆகவே எவரும் அதனை மூடுவதில்லை.

மாலையில் புறப்படும்போது என் மாணாக்கர் மின்பலகை அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூன்று தட்டுகளும் மூன்று பக்கத்திலிருந்து அறையை அடைந்தன. முதல் தட்டு நுழையும் இடத்தில் விளக்கடித்துப் பார்த்தவர் நின்றுவிட்டார். முன்வாரம் கண்காணிப்புக் கேமராவுக்கென்று ஒருவர் வெள்ளைக் கம்பியொன்றைச் செலுத்தியிருந்தார். அதன் பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவு இடைவெளி.

“இத்துணைச் சிறிய துளையா?” என்றேன்.

“மெழுகுவத்திச் சுடருக்கு இதுவே மிகுதி, ஐயா” என்றார். பையிலிருந்து சிவந்த களிமண் போன்ற பசையை எடுத்து, பிசைந்து, இடைவெளியில் விரலால் அழுத்தி அடைத்தார். கம்பி அசையாதிருக்க இழுத்துப் பார்த்தார். பிறகு சுண்ணக்கட்டியால் அத்துளையின் மேலே அன்றைய நாளை எழுதிவிட்டு விளக்கை அணைத்தார்.